இருபத்தெட்டு அடி தள்ளி நின்று பார்க்க வேண்டிய படம்

திண்டிவனத்தில் தலை பெருத்த பையன் எவனாவது தெருவில் போனால் இன்றைக்கும் "டேய், சவுரிராயன் படம்டா!" என்று கூப்பிடுகிறார்கள். பன்னிரண்டு வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். டீக்கடையில் கேட்டேன், பஸ் ஸ்டாண்டில் கேட்டேன், போன மாசம் என் அக்காள் மகன் கல்யாணத்தில் சாப்பாட்டுப் பந்தியிலேயே கேட்டேன். கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. கூப்பிடுகிறவனுக்குச் சவுரிராயன் யாரென்று தெரியாது. அளவு தெரியாமல் படம் போட்ட ஒரு பெயிண்டர், அவ்வளவுதான்.

அளவு தெரியாதவனாம்! விழுப்புரம், திண்டிவனம் இரண்டு ஊரையும் சேர்த்துப் பார்த்தாலும் அளவு இன்னதென்று தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். நான் சாரம் கட்டுகிறவன். மூங்கிலும் கயிறும் என் பிழைப்பு. ஐந்தாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்கு எழுதத் தெரிந்ததெல்லாம் கடுதாசி எழுதுகிற அளவுக்குத்தான். ஆனாலும் அந்தப் படத்தைத் தூக்கி நிறுத்தியது என் கை. அதனால் நடந்ததைச் சொல்ல வேண்டியவன் நான்தான்.

சவுரிராயன் ஒலக்கூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில், மாதா கோயில் தெருவில் பிறந்தவன். அப்பா கிணறு வெட்டுகிற கூலி. அந்தத் தெருவில் யாருக்கும் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைக்கும் படித்துவிட்டு, பதினாறு வயசில் விழுப்புரம் ரயில்வே யார்டுக்கு வந்தான். கூட்ஸ் பெட்டிகளுக்கு வெள்ளை பெயிண்டில் நம்பர் எழுதுகிற வேலை. நாலு வருஷம் நம்பர் எழுதியவனுக்குக் கை ஆடாமல் இரும்பு மாதிரி நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒரு போட்டோ ஸ்டுடியோவில், நெகட்டிவின் மேல் பென்சிலை வைத்து அம்மைத் தழும்பை மறைக்கிற வேலை. மூக்குக்குப் பக்கத்தில் நிழலைக் கொஞ்சம் குறைத்தால் ஆளுக்கு வயசு குறைகிறது, கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி இல்லாவிட்டால் உயிரோடிருப்பவனும் செத்தவன் மாதிரி தெரிகிறான் என்பதெல்லாம் அங்கே அவனாகவே கண்டுபிடித்தது. யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஐம்பத்துமூன்றாம் வருஷம் விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போர்டு எழுத வந்தான். சாரம் நான் கட்டினேன். அப்படித்தான் பழக்கம். பக்கத்து நெய்க்கடைச் சுவரில் வேறொரு பெயிண்டர் இரண்டு யானையோடு லட்சுமி படம் போட்டிருந்தார். சவுரிராயன் சாரத்தில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்துக்கொண்டே அதைப் பார்த்தான்.

"ஏன் துரை, இந்த ஊருக்கு எத்தினி சூரியன்?"

என் பெயர் சின்னதுரை. அவன் துரை என்று கூப்பிட்டால் அதில் ஒரு நக்கல் இருக்கும்.

"ஒண்ணுதான்யா. இன்னாத்துக்குக் கேக்குற?"

"வலப்பக்க யானைக்கு வலப்பக்கமா நெழலு உழுது. இடப்பக்க யானைக்கு இடப்பக்கமா உழுது. நடுவுல அம்மாவுக்கு நெழலே இல்ல. சூரியன் பாவம், எங்க நிப்பாரு?"

நெய்க்கடைக்காரர் வெளியே வந்து எங்களை வண்டை வண்டையாகத் திட்டினார். அவனுக்கு வாய் அடங்காது. படத்தில் தப்பு இருந்தால் யார் போட்டது, யார் கடை என்று பார்க்க மாட்டான். அதனாலேயே கிடைத்த வேலை பாதி கையை விட்டுப் போய்விடும். அவன் பெண்சாதி வெள்ளையம்மாள்தான் ஓட்டை அடைக்கிறவள். காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, வச்சிரப் பசையைக் காய்ச்சிச் சாக்கட்டிப் பொடி கலந்து இரண்டு பூச்சு பூசிக் கொடுப்பது அவள். அந்தப் பூச்சு சரியாக இல்லாவிட்டால் துணி எண்ணெயைக் குடித்துக் கலர் செத்துப்போகும். முகத்துக்குக் கலர் சேர்க்கும்போதும் அவளைத்தான் கேட்பான். "கொஞ்சம் காவி வுடு, இது காமாலைக்காரன் மூஞ்சியாட்டம் கீது" என்பாள். விடுவான்.

ஐம்பத்தேழில் திண்டிவனத்தில் ஒரு புது டாக்கீஸ் எழும்பியது. கட்டியவர் சக்கரபாணி. மல்லாட்டை மண்டி வைத்து வேர்க்கடலை வியாபாரம் பண்ணியவர். டாக்கீஸ் திறக்கிற அன்றைக்கு வாசலுக்கு மேலே, செத்துப்போன அவருடைய அப்பா ஆள் உயரத்துக்கு நாலு மடங்காக நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். மெட்ராஸில் கேட்டால் நாளாகும் என்று யாரோ சவுரிராயன் பெயரைச் சொன்னார்கள். சக்கரபாணி அவனை வரச் சொல்லி ஒரு போட்டோவைக் கொடுத்தார். பெரியவர் கைத்தடியோடு நேராக நிற்கிற பழைய போட்டோ.

"எங்கப்பாவை நேர்ல பார்க்கிற மாதிரி இருக்கணும். அப்படி இருந்திச்சின்னா இந்த டாக்கீஸுக்கு நீதான் பெயிண்டர். பின்னாடி ஷெட்டுல குடும்பத்தோட இருந்துக்க. படம் மாற மாற போர்டு போட்டுக்கினு இரு."

அதுதான் அவனுக்கு வந்த பெரிய வாய்ப்பு. அதுவரைக்கும் வீடு என்று ஒன்று கிடையாது. வேலை கிடைத்த ஊரில் சத்திரம், இல்லாவிட்டால் யாராவது குடோன். வெள்ளையம்மாள் அன்றைக்கே பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்துவிட்டாள். அந்த ஒரு படம் சரியாக வந்தால் குடும்பம் ஒரு இடத்தில் நிற்கும். இல்லாவிட்டால் சாக்கு அவிழாது.

விழுப்புரத்தில் ஒரு காலி குடோனைப் பிடித்து வேலையை ஆரம்பித்தான். இருபத்துநாலு அடிப் படம். கால் ஒரு துண்டு, உடம்பு ஒரு துண்டு, தலையும் தோளும் ஒரு துண்டு. மூன்றையும் தனித்தனிச் சட்டத்தில் செய்து நிறுத்துகிற இடத்தில் போல்ட் போட்டுச் சேர்ப்பது. போட்டோவின் மேல் நூலால் கட்டம் போட்டான். கட்டம் ஒவ்வொன்றும் கால் அங்குலம், எல்லாம் ஒரே அளவு. பிறகு துணியில் கரிக்கோடு இழுத்துக் கட்டம் போட்டான். போட்டோவில் எந்தக் கட்டத்தில் மூக்கு இருக்கிறதோ துணியிலும் அதே கட்டத்தில் மூக்கு வரவேண்டும். சின்னப் படத்தைப் பெரிசாக்குகிற வழி அதுதான். அது எனக்கும் தெரியும். ஆனால் துணியில் அவன் போட்ட கட்டத்தைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்தது. கீழ்க் கட்டம் எட்டு அங்குலம். மேலே போகப் போகக் கட்டம் நீண்டுகொண்டே போய், உச்சிக் கட்டம் ஒன்றரை அடியில் நின்றது.

"இன்னாயா இது? படம் போடுறியா, ஏணி போடுறியா?"

"உன் நீட்டு மூங்கில் ஒண்ணு எடுத்தாந்து வெளியில நிறுத்து" என்றான்.

நாற்பது அடி மூங்கில். ஒவ்வொரு அடிக்கும் ஒரு துணிக் கிழிசல் கட்டச் சொன்னான். நிறுத்தினேன். மூங்கிலிலிருந்து இருபத்தெட்டு அடி தள்ளி என்னை நிற்க வைத்தான். பிரஷ் காம்பைக் கையில் கொடுத்து, கையை முழுசாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, கிழிசலுக்குக் கிழிசல் எவ்வளவு என்று கட்டை விரலால் காம்பில் அளக்கச் சொன்னான். கண்மட்டத்துக்கு மேலே போகப் போக அடி சின்னதாகிக்கொண்டே போனது. உச்சியில் இருக்கிற ஒரு அடி, கீழே இருக்கிற அரை அடி அளவுக்குத்தான் தெரிந்தது.

"கட்டினவன் நீதானே? எல்லாம் ஒரே அடிதானே? அப்புறம் எப்படிக் கொறைஞ்சிது? அண்ணாந்து பார்த்தா மேல இருக்கிறது சுருங்கும். சரியான அளவுல தலை வெச்சா, வாசல்ல நிக்கிறவனுக்கு அது எலுமிச்சம்பழமாட்டம் தெரியும். மூணேகால் அடி தலைக்கு நாலரை அடி போட்டிருக்கேன். பதினெட்டு அடி உசரத்துல காலு நிக்கணும். எதுத்தாப்ல கடை சுவரு இருபத்தெட்டு அடி. அதுக்கு மேல தள்ளிப் போவ அந்தத் தெருவுல எடமில்ல. கணக்கு அவ்வளவுதான்."

எனக்குப் பதினெட்டு அடி மனசில் பதிந்தது. சாரம் கட்டுகிறவனுக்கு உயரம்தான் பேச்சு. இருபத்தெட்டு அடியையும் அவன் சொன்னான். இல்லை என்று சொல்ல மாட்டேன். நான்தான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

ஆவணி மாசத்தில் திறப்பு விழா. முதல் நாள் மத்தியானம் லாரியில் மூன்று துண்டையும் ஏற்றிக்கொண்டு நான் திண்டிவனம் வந்தேன். சவுரிராயன் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வருவதாகச் சொன்னான். டாக்கீஸ் வாசலில் மூங்கிலை இறக்கிக்கொண்டிருந்தபோது மானேஜர் சீனுவாசன் வந்தார். முதலாளிக்கு மச்சான். வெற்றிலை போட்ட வாய்.

"இந்தச் சந்துல நிறுத்தினா யாருயா பார்ப்பான்? எதுத்த கடைக்காரனும் அவன் பூனையும் பார்ப்பாங்க. மெயின் ரோட்டு முனையில நிறுத்து. போற பஸ்ஸெல்லாம் பார்த்துக்கினு போவட்டும்."

"பெயிண்டர் இங்கதாங்க சொல்லிக்கிறாரு."

"அவன் வேலை படம் போடுறது. எடம் நாங்க போட்டுக்கிறோம். ஜல்தி ஆவட்டும்."

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஒரு சந்துக்குள் கிடந்து யாருக்கும் தெரியாமல் போவதைவிட ரோட்டில் நின்றால் நம்ம ஆள் பேர் மெட்ராஸ் வரைக்கும் போகுமே என்று நினைத்தேன். படம் படம்தானே, எங்கே நிறுத்தினால் என்ன? ரோட்டு முனையில் காலி மனை ஒன்று இருந்தது. அங்கே சாரம் கட்டி, பதினெட்டு அடியைக் கயிறு போட்டு இரண்டு தரம் அளந்து நிறுத்தினேன். ஒரு அங்குலம் பிசகவில்லை. கீழே இறங்கி, சாரத்துக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். பெரியவர் கைத்தடியோடு ஜம்மென்று நின்றார். கண்ணில் அந்த வெள்ளைப் புள்ளி பளிச்சென்று இருந்தது. சந்தோஷமாகப் போய்ப் படுத்தேன்.

காலையில் ஆறரை மணிக்கு யாரோ என் காலைப் பிடித்து இழுத்தார்கள். சவுரிராயன். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"யாருடா அங்க நிறுத்தச் சொன்னது?"

அதுவரைக்கும் அவன் என்னை டா போட்டதில்லை.

"பதினெட்டு அடி கரெக்டா கீதுய்யா. ரெண்டு தபா அளந்தேன்."

அவன் என் மணிக்கட்டைப் பிடித்து ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான். படத்தைத் தாண்டி, புளியமரத்தைத் தாண்டி, நூற்றைம்பது அடிக்கு மேல் நடத்திக் கூட்டிப்போய், தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினான்.

குட்டைக் கால், சின்ன உடம்பு, அதன்மேல் கவிழ்த்த பானை மாதிரி ஒரு தலை. அண்ணாந்து பார்க்கிறவனுக்குச் சுருங்கும் என்று நீட்டிப் போட்டது, தூரத்திலிருந்து நேராகப் பார்க்கிறவனுக்குச் சுருங்காமல் அப்படியே நின்றது. சந்தைக்குக் காய் கொண்டுபோன இரண்டு பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பஸ் போனது. ஜன்னலெல்லாம் தலை. ஒருத்தன் கை தட்டினான்.

"நேத்து சாயங்காலத்துல இருந்து இப்படித்தான் நிக்குது" என்றான் சவுரிராயன். "மொதலாளி எப்போ வர்றாரு?"

"மயிலத்துக்கு அர்ச்சனைக்குப் போய்க்கிறாரு. பத்து மணிக்கு வந்துடுவாரு."

"எறக்கி, வாசலுக்கு எடுத்தும் போய், மறுபடியும் ஏத்த எத்தினி நேரம் ஆவும்?"

"ஒரு நாளு."

"மூணரை மணி நேரம் கீது."

ஆறு பேரை எழுப்பினேன். கயிற்றை அவிழ்க்க நேரமில்லை, அறுத்தோம். தலைத் துண்டைக் கப்பியில் இறக்கும்போது காற்று பிடித்தது. ஆவணிக் காற்றில் எட்டடித் துணிச் சட்டம் கப்பல் பாய் மாதிரி உப்பிக்கொண்டு இழுக்கும். எங்கள் ஆள் அந்தோணிசாமி கையில் கயிறு உருவி இரத்தம் வந்துவிட்டது. "யப்பா, பெருசு மேல இருந்து கீழ வர மாட்டேன்னு அடம் புடிக்கிறாருப்பா" என்று அவன் அந்த நேரத்திலும் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

உடம்புத் துண்டை இறக்கும்போது சீனுவாசன் ஓடிவந்தார்.

"எவன்டா எறக்கச் சொன்னது?"

"நாந்தாங்க" என்றான் சவுரிராயன்.

"தலையைப் பானையாட்டம் போட்டுட்டு இப்ப ஒளிக்கப் பார்க்குறியா? ஊரே சிரிக்குது. அந்தத் தலையை வெட்டிப் போட்டுட்டு வேற தலை போட்டுக் குடு."

"தலையில தப்பு இல்லீங்க. தூரத்துல தப்பு."

"தூரத்துல தப்பா! கேட்டுக்கோங்கப்பா. ரோட்டைத் தப்பாப் போட்டுட்டானுங்களாம்!" கூடி நின்ற கூட்டம் சிரித்தது. "உன்னையெல்லாம் கொண்டாந்து வெச்சாரு பாரு, அவரைச் சொல்லணும். நம்பர் எழுதிக்கினு இருந்தவன்தானே நீ?"

சவுரிராயன் முகம் கறுத்தது. பதில் சொல்வான் என்று பயந்தேன். சொல்லவில்லை. அவன் வாயை மூடிக்கொண்டதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"வாசல்ல ஏத்துறோங்க. எதுத்த கடை சுவத்துல முதுகை வெச்சு நின்னு மொதலாளி பார்க்கட்டும். அப்பவும் தலை பெருசாத் தெரிஞ்சா இந்த ஜில்லாவுல நான் பிரஷ் தொட மாட்டேன்."

"தொட மாட்டியா, தொட வுட மாட்டோமா, பார்ப்போம்" என்று சீனுவாசன் துப்பிவிட்டுப் போனார்.

மூன்று துண்டையும் கைவண்டியில் கிடத்திக் கடைத்தெரு வழியாகத் தள்ளிக்கொண்டு போனோம். தலைத் துண்டு கடைசி வண்டி. நாலரை அடி முகம் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. தெருவின் இரண்டு பக்கமும் ஜனம் வெளியே வந்துவிட்டது. வண்டிக்குப் பக்கத்தில் சவுரிராயன், முகத்தில் தூசு படாமல் தன் மேல்துண்டை அதன்மேல் போட்டுக்கொண்டு நடந்தான். பார்க்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று அவன் யோசிக்கவில்லை. "யாருப்பா செத்தது?" என்று ஒருத்தன் கேட்டே விட்டான்.

எட்டரைக்கு வாசல் சாரம் எழும்பியது. ஒன்பதுக்குக் கால் துண்டு ஏறியது. ஒன்பதரைக்கு உடம்பு. போல்ட் ஓட்டை ஒன்று சேராமல் கால் மணி நேரம் போய்விட்டது. தலைத் துண்டு பாதி உயரத்தில் கயிற்றில் ஆடிக்கொண்டிருக்கும்போது தெரு முனையில் கார் ஹாரன் கேட்டது.

சக்கரபாணி இறங்கினார். நெற்றியில் விபூதி, கையில் அர்ச்சனைத் தட்டு. தலையில்லாத அப்பா வாசலுக்கு மேலே நிற்க, தலை தனியாகக் கயிற்றில் தொங்குவதைப் பார்த்தார்.

"இன்னாய்யா இது? எங்கப்பாவை ஒரு தபா தூக்கிக்கினு போனது போதலையா?"

சீனுவாசன் அவர் காதில் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் சாரத்தின் உச்சியில் இருந்தேன். சவுரிராயன் கீழேயிருந்து கையை மட்டும் அசைத்தான், இழு என்று. இழுத்தோம். காற்று ஒரு அறை விட்டது. சட்டம் சுவரில் இடித்தது. "கிழிஞ்சிது" என்று யாரோ கத்தினார்கள். கிழியவில்லை. வெள்ளையம்மாள் பூசின பூச்சு அது. கழுத்துக் கோடும் தோள் கோடும் சேர்ந்தன. இரண்டு போல்ட்டை முடுக்கிவிட்டு இறங்கினேன்.

சவுரிராயன் சக்கரபாணிக்கு முன்னால் போய் நின்றான்.

"மொதலாளி, தயவு பண்ணி அந்தச் சுவத்துக்கிட்ட வந்து நில்லுங்க. முதுகு சுவத்துல படணும்."

ஒரு ஜவுளிக்கடைச் சுவர் அது. சக்கரபாணி கோபமாகத்தான் போனார். திரும்பி நின்றார். அண்ணாந்தார்.

தட்டைப் பக்கத்தில் இருந்தவன் கையில் கொடுத்தார். அவர் கால் தானாகச் செருப்பைக் கழற்றியது. கழற்றினது அவருக்கே தெரிந்திருக்காது. நானும் போய் அவருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தலை தலையாக இருந்தது, கால் காலாக இருந்தது. மேலேயிருந்து ஒரு மனுஷன் குனிந்து, "சாப்பிட்டியா" என்று கேட்கப் போகிற மாதிரி இருந்தது.

சவுரிராயன் படத்தைப் பார்க்கவே இல்லை. சக்கரபாணி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது பின்னாலிருந்து ஒரு லாரி கிளீனர் பையன், நேற்று ரோட்டில் பார்த்தவனாக இருக்க வேண்டும், "பானைத் தலை எங்கப்பா? மாத்திட்டாங்களா?" என்று கத்தினான். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

சக்கரபாணி செருப்பை மாட்டிக்கொண்டார்.

"படம் சரியாத்தான் இருக்குது" என்றார். "எங்கப்பாவேதான். ஆனா சிரிச்சிட்டாங்க. இனிமே எவன் இதைப் பார்த்தாலும் அந்தத் தலைதான் நெனைப்புல வரும். விழா முடிஞ்சதும் எறக்கிடுங்க." பிறகு குரலை உயர்த்திக் கேட்டார்: "ரோட்டுல நிறுத்துனது யாரு?"

சீனுவாசன் என்னைப் பார்த்தார். "இவன்தாங்க கட்டினான். பெயிண்டர் சொன்னாருன்னுதான் சொன்னான். இல்லடா?"

அந்த டாக்கீஸில் வருஷம் முழுக்கச் சாரம் கட்டுகிற வேலை எனக்கு என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்தப் பேச்சை எடுத்தவர் சீனுவாசன்தான். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவனைக் கேக்காதீங்க மொதலாளி" என்றான் சவுரிராயன். "படம் என்னுது."

அவ்வளவுதான். மெட்ராஸிலிருந்து வேறு பெயிண்டர் வந்தார். பின்னால் ஷெட்டில் அவர் குடியிருந்தார். வெள்ளையம்மாள் சாக்கு அவிழவில்லை. எனக்குச் சாரம் வேலை கிடைத்தது. நாலு மாசம் செய்துவிட்டு விட்டேன். அந்த வாசலில் ஏறினால் கை வழுக்கியது.

ஒன்றரை வருஷம் அவன் இருக்கிற பக்கம் நான் போகவில்லை. ஒரு நாள் அவனே விழுப்புரத்தில் என் மூங்கில் கொட்டகைக்கு வந்தான். "வானூர்ல ஒரு ரைஸ் மில்லு சுவரு. முப்பதடி. வர்றியா?" என்றான், நேற்றுப் பேசி இன்றைக்கு வந்தவன் மாதிரி. போனேன். மூன்றாவது நாள் சாரத்தில் உட்கார்ந்திருக்கும்போது என்னால் அடக்க முடியவில்லை.

"அன்னிக்கி நான் வாயைத் தொறந்திருக்கணும்யா."

"ஆமா. தொறந்திருக்கணும்" என்றான். கொஞ்ச நேரம் எழுத்துக்குக் கரை கட்டிக்கொண்டிருந்தான். "நானும் தூரத்தை ஒரு தபா சொல்லி வுட்டுட்டேன். உனக்குத் தூரத்தை ரெண்டு தபா சொல்லியிருக்கணும். சரி, அந்தக் கயித்தை இறுக்கு. ஆடுது."

அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசினதில்லை. ஆனால் திண்டிவனம் பக்கம் அவனை யாரும் கூப்பிடவில்லை. பெயிண்டர் என்று பெயர் சொன்னால், "யாரு, பானைத் தலையா?" என்பார்கள். எழுத்து வேலையிலேயே காலம் போனது. ரைஸ் மில், உரக்கடை, சோடாக் கம்பெனி. முகம் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வேலை இல்லாத நாளில் பழைய காடாத் துணியில் முகம் போட்டுப் பார்த்து, சுண்ணாம்பு அடித்து அழித்துவிடுவான். வெள்ளையம்மாள் ஒன்றிரண்டை அழிக்க விடாமல் ஒளித்து வைத்தாள்.

அறுபத்தாறில் அவன் பிறந்த ஊரில் மாதா கோயிலை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். முகப்பில் முப்பதடி உயரத்துக்கு மேலே, கூம்புச் சுவரில் மாதா படம் போட வேண்டும். கோயில் தெருக்காரர்கள் அவனை மறக்கவில்லை. அதற்குள் அவனுக்கு நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. இருபது வருஷம் வெள்ளை பெயிண்டுக்குப் போடுகிற சபேதாப் பொடியையும் டர்பன்டைனையும் இழுத்த நெஞ்சு. நாலு படி ஏறினால் ஒரு நாழி இருமுவான். அப்படியே ஏறினான். ஒன்பது நாள் ஏறினான். அங்கேயும் கட்டம் மேலே போகப் போக நீண்டது. கோயில் உபதேசியார் சாரத்தில் பாதி ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி, "மாதா மொகம் கொஞ்சம் நீட்டமா இல்ல?" என்று என்னைக் கேட்டார். "சாரம் பிரிக்கிற வரைக்கும் பொறுங்க ஐயா" என்று மட்டும் சொன்னேன். இந்தத் தடவை தூரத்தை நான் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

மாதா கண்ணில் வெள்ளைப் புள்ளி வைத்த அன்றைக்கு அவனை இரண்டு பேர் பிடித்துத்தான் இறக்கினோம். சாரம் பிரிக்க இன்னும் பத்து நாள் இருந்தது. திருவிழாவுக்கு முதல் நாள்தான் பிரிப்பதாகப் பேச்சு. அந்தப் பத்து நாள் அவனுக்கு இல்லை. ஆறாம் நாள் போய்விட்டான். தான் போட்ட படத்தை மூங்கில் மறைப்பில்லாமல் அவன் பார்க்கவே இல்லை.

இறங்கின அன்றைக்குச் சாயங்காலம், வெயில் சாய்கிற நேரம், ஒரு பெயிண்ட் டின்னைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு கோயில் வாசலிலிருந்து நேராக நடந்தான். ஒவ்வொரு அடியும் வாய்விட்டு எண்ணினான். நடுவில் இருமல் வந்து எண்ணிக்கை விட்டுப் போனது. திரும்ப வாசலுக்கே போகலாம் என்றான். போனோம். மறுபடியும் எண்ணினான். கடைசியில் மணலில் குதிகாலை ஊன்றி ஒரு குழி போட்டான்.

"துரை, இந்த எடத்துல ஒரு கல்லு நடு. ஒரு ஆளு தாராளமா ஏறி நிக்கிற மாதிரி, மழைக்கு அசையாத கல்லா. சாரத்தைப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே நட்டுடு. பிரிச்சதும் மொதல்ல நீ ஏறி நின்னு பாரு. அப்புறமா ஊரைக் கூப்புடு."